ஒரு நெடில், இரு குறில்: பழங்கணினி ஒன்று வாய்திறந்த வரலாறு



பாடத்திட்டம், கட்டுரைப் பயிற்சி, தேர்வுத்தாள் என்றே எழுதிவரும் இவ்வலைப்பூவில் இன்று ஓர் இரும்புப் பெட்டியின் வரலாற்றை எழுத முற்படுகிறேன். ஆசிரியர் நண்பர்களும் பெற்றோரும் பொறுத்தருள வேண்டுகிறேன். பெற்றோருள் சிலருக்குத் தாம் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தின் மூலையில் இருந்த மங்கிய பழுப்புநிறக் கணினி நினைவுக்கு வரக்கூடும். அதைப் போன்ற ஒன்றைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

2023ஆம் ஆண்டின் பள்ளி விடுமுறை ஒன்றில், நான் தொடக்கக்கல்வி பயின்ற தோட்டப் பள்ளியின் மறைந்த தலைமையாசிரியரின் துணைவியார் என்னை அழைத்திருந்தார். வீட்டை விற்றுவிட்டு மகனோடு செல்லவிருந்த அவர், பழைய துணியால் மூடப்பட்டிருந்த கணினி ஒன்றைக் காட்டினார். "டீச்சர், நம்ம ஸ்கூல் கதை பூரா இதுக்குள்ளதான் இருக்குன்னு அவர் சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. மகன் தூக்கிப் போடச் சொல்றான். எனக்கு மனசு வரல," என்றார்.

அப்பள்ளி இன்று இல்லை. தோட்டம் கைமாறியது; குடும்பங்கள் நகர்ப்புறம் சென்றன; மாணவர் குறைந்து பள்ளி மூடப்பட்டது. சேர்க்கைப் பதிவேடுகள் எங்குப் போயின என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை. தலைமையாசிரியரோ, தம் பணிக்காலத்தின் இறுதி ஆண்டுகளில் அப்பதிவேடுகளைப் பார்த்து ஆண்டுவாரியாக மாணவர் பெயர்களைக் கணினியில் தட்டச்சு செய்துவந்தார். தம் சொந்தப் பணத்தில் 1988இல் அவர் வாங்கிய கணினி அது. நாங்கள் சிறுபிள்ளைகளாகச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்திருக்கிறோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து விசையைப் போட்டேன். உள்ளிருந்த விசிறி ஒருமுறை துடித்து அடங்கியது. அவ்வளவுதான்.

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

1981ஆம் ஆண்டு ஆகத்து 12ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை அறிவித்தது. 5150 என்பது அதன் எண். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் போக்கா ரத்தோன் என்னும் ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் என்பாரின் தலைமையில் இயங்கிய சிறு குழு ஏறத்தாழ ஓராண்டில் அதை உருவாக்கி முடித்தது. காலம் போதாமையால், சந்தையில் எவரும் வாங்கக்கூடிய உறுப்புகளையே அவர்கள் பெரிதும் பயன்படுத்தினர். மையச் செயலி இன்டெல் 8088. அதன் வேகம் 4.77 மெகாஹெர்ட்சு. தொடக்க விலை 1,565 டாலர்.

இவையெல்லாம் பலரும் அறிந்தவை. என் வியப்புக்குரியது வேறொன்று. ஐபிஎம் அக்கணினிக்கு ஒரு தொழில்நுட்பக் கையேட்டையும் வெளியிட்டது. அதில் தாய்ப்பலகையின் முழு மின்சுற்று வரைபடம் இருந்தது. 'பயாஸ்' எனப்படும் அடிப்படை நிரலின் ஒவ்வொரு வரியும் விளக்கக் குறிப்போடு அச்சிடப்பட்டிருந்தது. விசையைப் போட்டதிலிருந்து அவ்வியந்திரம் என்னென்ன செய்கிறது, எதை முதலில் சோதிக்கிறது, எங்கே நின்றுபோகும் என்பவற்றை விலை கொடுத்து வாங்கும் எவரும் படித்தறியலாம். அடுத்த சில ஆண்டுகளில் பிற நிறுவனங்கள் அதே வடிவமைப்பில் நகல் கணினிகளைச் செய்யத் தொடங்கியதற்கு இத்திறந்த தன்மையும் ஒரு காரணம். ஆயினும், பயாஸ் நிரலின் பதிப்புரிமை ஐபிஎம்மிடமே இருந்தது. ஆகவே, காம்பேக் போன்றவர்கள் அந்நிரலைக் கண்ணால் காணாதவர்களைக் கொண்டே அதே பணியைச் செய்யும் வேறொரு நிரலை எழுதுவித்தனர். தலைமையாசிரியரின் கணினியும் பெயர் தெரியாத ஒரு நகல்தான். 1983 மார்ச்சில் வெளிவந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் வழியில் செய்யப்பட்டது அது.

அந்நிரல் தன் வேலையைத் தொடங்கும் முறை, ஆசிரியப் பணியில் இருப்பவர்க்குச் சுவையாயிருக்கும். விசையைப் போட்டதும் மையச் செயலி வேலை செய்யத் தொடங்குவதில்லை. மின்வழங்கிப் பெட்டி +5, -5, +12, -12 வோல்ட் என நான்கு அழுத்தங்களைத் தரவேண்டும். அவை நிலைபெற்ற பிறகே 'மின்சாரம் நலம்' எனும் குறிப்பைத் தனிக்கம்பி ஒன்றின் வழியாக அப்பெட்டி அனுப்பும். அதுவரை செயலி கட்டிப்போடப்பட்டிருக்கும். கட்டு அவிழ்ந்ததும் செயலி, 1 மெகாபைட் முகவரிப் பரப்பின் உச்சிக்கு 16 பைட் கீழே உள்ள இடத்திற்குச் சென்று தன் முதற்கட்டளையைப் படிக்கும். அங்கேதான் பயாஸ் காத்திருக்கிறது.

பயாஸ் முதலில் செயலியையே சோதிக்கிறது. அடுத்துத் தன்னைத்தானே சோதிக்கிறது. எப்படி? 5150இல் அந்நிரல் 8,192 பைட்டுகள் கொண்டது. அவற்றை எல்லாம் கூட்டி, 256இன் மடங்குகளைத் தள்ளிவிட்டால் மீதி சுழியாக வரவேண்டும். வராவிட்டால் செயலி அப்படியே நின்றுவிடும். பிறகு நேரங்காட்டிச் சில்லு, பிறகு நினைவகத்தின் முதற்பகுதி. இதுவரை ஏதேனும் பிழை நேர்ந்தால் அதைச் சொல்ல வாயில்லை, முழு அமைதிதான். இதன்பின் சில சோதனைகளில் தவறினால் ஒலிபெருக்கி மூலம் ஒலியெழுப்பும். ஒரு நெடிய ஒலியும் ஒரு குறுகிய ஒலியும் கேட்டால் தாய்ப்பலகையில் பழுது. ஒரு நெடிலும் இரு குறிலும் என்றால் திரை அட்டையில் பழுது. (நேர், நிரை பிரித்துப் பழகிய தமிழாசிரியர்க்கு இது எளிதாகவே மனத்தில் பதியும்!) திரை வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகே எண்களால் பேசும். 201 என்றால் நினைவகம், 301 விசைப்பலகை, 601 நெகிழ்வட்டு, 1701 வன்தட்டு. எல்லாம் நலமெனில் ஒரே ஒரு குறுகிய 'பீப்'.

அதாவது, சோதித்து முடித்த உறுப்பைக் கொண்டுதான் அடுத்த உறுப்பின் குறையை அதனால் சொல்ல முடியும். எனவே, பழுதைச் சொல்லும் விதமே பழுது எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதற்குச் சான்றாகிறது. நான் இதை உணர்வதற்கு முன்பு, என் மேசையில் இருந்த பெட்டியை 'செத்துப்போனது' என்றுதான் எண்ணியிருந்தேன்.

நான் பொறியாளர் அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கணினி கற்பித்தவர்கள் ஆவணம் தட்டச்சு செய்வதையும் அச்சிடுவதையும்தான் கற்பித்தார்கள். மின்னணுப் பழுதுபார்ப்பில் பணியாற்றும் என் முன்னாள் மாணவரை உதவிக்கு அழைத்தேன். வந்தவர் முதலில் என்னைக் கடிந்துகொண்டார். "டீச்சர், முப்பது வருசம் சும்மா கிடந்த சாமானுக்கு எடுத்த எடுப்புல கரண்ட் கொடுக்கலாமா?"

அவர் சொன்னது சரியே. இவ்வகை மின்வழங்கிகளின் பின்புறத்தில் 115, 230 வோல்ட் எனத் தேர்ந்தெடுக்கும் விசை ஒன்று உண்டு. நம் நாட்டில் அது 230இல் இருப்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். மின்வழங்கிப் பெட்டியின் மூடியை மட்டும் தெரியாதவர் திறக்கலாகாது. மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் அதிர்ச்சி தரவல்லவை. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். தாய்ப்பலகைக்குச் செல்லும் இரு இணைப்பிகளைக் கழற்றினால் மீண்டும் மாட்டும்போது கருப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் பலகை எரிந்துபோகலாம்.

விசிறி துடித்து அடங்குவதன் பொருளை அவர் விளக்கினார். மின்வழங்கி செத்துப்போகவில்லை, எங்கோ குறுக்குச்சுற்று இருப்பதை உணர்ந்து தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. எல்லா அட்டைகளையும் கழற்றினோம். தாய்ப்பலகையை மட்டும் விட்டுவைத்தோம். முற்றிலும் பாரமில்லாமல் இயக்கினால் இவ்வகை மின்வழங்கிகள் சில தொடங்கவே மறுக்கும். அதைக் கண்டு நல்ல பெட்டியைக் குப்பையில் எறிந்தவர்கள் உண்டாம். விசையைப் போட்டதும் விசிறி சுழன்றது. பிறகு ஒவ்வோர் அட்டையாகச் செருகிப் பார்த்தோம், ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு. மூன்றாவதாகச் செருகிய தொடர்வாயில் அட்டையில் விசிறி மீண்டும் அடங்கியது.

அவ்வட்டையில் 12 வோல்ட் பாதையில் புளியங்கொட்டை அளவில் ஒரு மின்தேக்கி இருந்தது. டான்டலம் என்னும் உலோகத்தால் ஆனது. அக்காலக் கணினிகளில் மிகுதியாகப் பயன்பட்ட இவ்வகை, பல்லாண்டு கழித்துக் குறுக்குச்சுற்றாகிப் பழுதடைவதில் பேர்பெற்றது. சிலவேளை பட்டாசு போல் வெடிக்கவும் செய்யும். மல்டிமீட்டரை வைத்ததும் தடை ஏறக்குறைய சுழி என்று காட்டியது. மாணவர் அதை எடுத்துவிட்டுப் புதிய ஒன்றைப் பற்றவைத்தார். சில காசு பெறுமானமுள்ள பொருள் அது.

விசிறி சுழன்றது. ஆனால், ஒலி இல்லை. திரையில் ஒளி இல்லை. திரை அட்டையைக் கழற்றிவிட்டு இயக்கினோம். பலகை நலமாயிருந்தால் ஒரு நெடிலும் இரு குறிலும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒலிபெருக்கியின் கம்பி கழன்றிருக்குமோ என்றும் பார்த்தாயிற்று. ஆக, வாய் முளைக்கும் முன்பே கணினி நின்றுபோகிறது.

அன்று இரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. முதலாம் ஆண்டு வகுப்பில் வாய்திறவாத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தவறாகப் பதில் சொல்லும் பிள்ளையின் தவற்றை அறிந்துகொள்ளலாம். ஒன்றுமே சொல்லாத பிள்ளையிடம் எங்கிருந்து தொடங்குவது?

மறுநாள் தாய்ப்பலகையை விளக்கொளியில் உற்று நோக்கினோம். 640 கிலோபைட் நினைவகத்திற்கு 36 சில்லுகள், ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசை. எட்டுச் சில்லுகள் தரவுக்கு. ஒன்பதாவது, அந்த எட்டும் சரியாக நினைவு வைத்திருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கு. சில்லுகள் பற்றவைக்கப்படாமல் குழிகளில் செருகப்பட்டிருந்தன. அவற்றின் கால்கள் கறுத்திருந்தன. மேலும், இயங்கும்போது சூடேறியும் நிறுத்தும்போது குளிர்ந்தும் பல்லாண்டுகளில் சில்லுகள் மயிரிழை மயிரிழையாகக் குழியிலிருந்து மேலேறிவிடும். அக்காலப் பழுதுபார்ப்போர் இதை நன்கறிவர். பெட்டியைத் திறந்ததும் கட்டைவிரலால் எல்லாச் சில்லுகளையும் அழுத்துவதே அவர்களின் முதல் வேலை. நாங்களும் அழுத்தினோம். அப்பளம் நொறுங்குவதுபோல் ஓசை கேட்டது. முதல் வரிசைச் சில்லுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கால்களைத் துடைத்து மீண்டும் செருகினோம். பயாஸ் முதலில் நாடுவது அவ்வரிசையைத்தானே.

விசையைப் போட்டோம். ஒரு நெடில், இரு குறில்.

பழுதைச் சொல்லும் ஒலிக்காக நான் கைதட்டியது அன்றுதான். ஓசை கேட்டு என் மகள் ஓடிவந்து, "சரியாயிடுச்சா மா?" என்றாள். இல்லை, குறை சொல்லத் தொடங்கிவிட்டது என்றேன்.

அடுத்தவை விரைவாக முடிந்தன. பழைய ஒற்றைநிறத் திரை உடைந்துபோயிருந்ததால் வண்ணத்திரையும் அதற்குரிய அட்டையும் தேடிப் பிடித்தோம். இக்கணினிகளில் எவ்வகைத் திரை என்பதைத் தாய்ப்பலகையில் உள்ள சிறு விசைகளில் ஐந்தாவதையும் ஆறாவதையும் கொண்டு தெரிவிக்க வேண்டும். பிறகு 301. இரவல் வாங்கிய விசைப்பலகை, 1984இல் வந்த ஏடி கணினிக்குரிய முறையில் இருந்தது. செருகி ஒன்றே, பேசும் முறை வேறு. பலகையின் அடியில் இருந்த சிறு விசையை எக்ஸ்டி பக்கம் தள்ளியதும் அப்பிழை மறைந்தது.

அப்புறம் வந்தது 1701.

இவ்வெண்ணைச் சொன்னது தாய்ப்பலகை இல்லை. வன்தட்டைக் கட்டுப்படுத்தும் அட்டையில் அதற்கெனத் தனிநிரல் உண்டு. 5150இன் முதல் பயாஸ்களுக்கு இத்தகைய அட்டைநிரல்களைத் தேடிப் பார்க்கவே தெரியாது. 1982 அக்டோபர் 27 என நாளிட்ட பயாஸ்தான் அக்கணினிக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. வன்தட்டு இல்லாத கணினி அன்று இயல்பே. ஐபிஎம் கணினியில் நெகிழ்வட்டும் இல்லாவிட்டால், உள்ளேயே 32 கிலோபைட் அளவில் எழுதிவைக்கப்பட்ட பேசிக் மொழி திரையில் தோன்றி உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும். நகல் கணினிகளில் பெரும்பாலும் அந்த வசதி இராது. எங்கள் கணினியும் நெகிழ்வட்டைச் செருகு என்று கேட்டுவிட்டு நின்றது. டாஸ் நெகிழ்வட்டைச் செருகினோம். கணினி எழுந்தது, ஆனால், வன்தட்டு இருப்பதாகவே அது அறியவில்லை.

தலைமையாசிரியரின் உழைப்பு முழுவதும் அவ்வன்தட்டில்தான் இருந்தது. 615 உருளைகள், 4 தலைகள், ஒரு சுற்றுக்கு 17 பகுதிகள், ஒரு பகுதிக்கு 512 பைட். பெருக்கிப் பார்த்தால் 21,411,840 பைட். இன்றைய கைப்பேசிப் படங்கள் சிலவற்றுக்கே போதாத இடம். அக்கால வன்தட்டுகள் பலவற்றில் மின்சாரத்தை நிறுத்தும்போது தலைகள் தாமாக ஓரமாகச் செல்லமாட்டா. அதற்கெனத் தனிநிரலை இயக்க வேண்டும். மறந்தால் தலைகள் நின்ற இடத்திலேயே தட்டின்மேல் அமர்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் அமர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். மாணவர் வன்தட்டைக் கையிலேந்தி, பொம்பரம் விடுபவர்போல் மணிக்கட்டால் சட்டென்று இருபுறமும் திருப்பினார். எனக்கு நெஞ்சு பதைத்தது. மூன்றாம் முறை மின்சாரம் கொடுத்தபோது மெல்லிய ஊளையோடு தட்டு சுழலத் தொடங்கியது. உடனே படிக்க முயலவில்லை. தலையை அடிமேல் அடியாக நகர்த்தும் இவ்வகை வன்தட்டுகள், எழுதியபோதிருந்த சூட்டுக்கு வந்தால்தான் தடம் பிசகாமல் படிக்கும் என்பார்கள். அரைமணி நேரம் சுழலவிட்டுத் தேநீர் அருந்தினோம்.

மீண்டும் தொடங்க, மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினேன்: கன்ட்ரோல், ஆல்ட், டெலிட். ஐபிஎம் குழுவில் பயாஸ் நிரலை எழுதியவர்களுள் ஒருவரான டேவிட் பிராட்லி அமைத்தது இம்மூவிசைச் சேர்க்கை. அதை அழுத்தும்போது, நினைவகத்தின் ஓரிடத்தில் 1234 என்ற எண் எழுதப்படும். பயாஸ் அதைக் கண்டதும் 'இப்போதுதான் சோதித்தோம்' என்று நீண்ட நினைவகச் சோதனையைத் தவிர்த்துவிடும். ஒரு குறுகிய பீப். திரையில் நாள் என்னவென்று கணினி கேட்டது.

எக்ஸ்டி கணினிக்கு மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறையும் நாளையும் நேரத்தையும் நாம்தான் தட்டச்சு செய்யவேண்டும். சோம்பேறித்தனமாக வெறும் விசையை அழுத்திச் சென்றால் 1980 சனவரி 1 என்றே அது கொள்ளும். அக்காலக் கோப்புகள் பலவற்றில் அந்நாளே காணப்படுவது இதனால்தான். தலைமையாசிரியரின் கோப்புகளைப் பட்டியலிட்டேன். அவற்றுள் ஒன்றிலேனும் 1980 இல்லை. 1989, 1990, 1991 என ஒவ்வொன்றும் அதற்குரிய நாளோடு இருந்தது. பெரும்பாலானவை சனி, ஞாயிறு. காலையில் வருகைப் பதிவேட்டில் நாளைப் போடாமல் அமரமாட்டார் அவர்.

தமிழ் எழுத்துகள் மற்றொரு சிக்கல். நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது 1985இல். யுனிகோடின் முதற்பதிப்பு வந்தது 1991இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. கோப்புகளைத் தொடர்வாயில் கம்பி வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பினேன். மொத்தம் 212 கிலோபைட். நொடிக்கு 960 பைட் வீதம் நான்கு நிமிடத்திற்குள் முடிந்தது. அங்கே திறந்தால் புரியாத குறிகள். பழைய கணினியிலோ அவர் பயன்படுத்திய சொற்செயலி இன்னும் இருந்ததால் தமிழ் தமிழாகவே தெரிந்தது. இரண்டையும் அருகருகே வைத்து எந்தக் குறி எந்த எழுத்து என அட்டவணை எழுதி மாற்றினேன். மூன்று மாலைகள் ஆயின.

1984ஆம் ஆண்டுச் சேர்க்கையில் என் பெயர் இருந்தது. அதனருகில் அப்பாவின் பெயர், தொழில்: பால்மரம் சீவுதல்.

ஒரு கோப்பில் மட்டும் தட்டின் ஒரு பகுதி பழுதடைந்திருந்தது. மீண்டும் முயல்க, மீண்டும் முயல்க என்று எத்தனை முறை அழுத்தியும் அப்பகுதியைப் படிக்க முடியவில்லை. போனது 1961ஆம் ஆண்டு முதலாம் வகுப்புப் பட்டியல். என் அம்மா பள்ளியில் சேர்ந்த ஆண்டு அது. அவரை மேசையருகே அமர்த்தி, தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டேன். கண்ணை மூடி, வரிசை வரிசையாக எந்த இருக்கையில் யார் என்று யோசித்து 11 பெயர்களைச் சொன்னார். பன்னிரண்டாவது பிள்ளையின் பெயர் மறந்துவிட்டதாம். சன்னல் ஓரத்தில் அமர்ந்திருக்கும், மழை வந்தால் அழும் என்றார். அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.